வாசிப்புக் குறிப்பேட்டில் எதை எழுதுவது?

இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் நீண்ட கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். இந்தப் பருவத்தில் அவருடைய வகுப்பில் வாரந்தோறும் ஒரு சிறுகதையோ கட்டுரையோ படிக்கக் கொடுக்கிறார்கள். படித்ததைப் பற்றிச் 'சொந்த எண்ணங்களை' இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். அவர் கதைச் சுருக்கமும் கதை உணர்த்தும் நீதியும் எழுதிக் கொடுக்க, ஆசிரியர் ஓரத்தில் 'இதில் நீ எங்கே?' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தந்துவிடுகிறார். அடுத்த வாரம் தம் குடும்பத்தைப் பற்றி எழுதினால் 'கதை எங்கே?' என்று வருகிறது. இரண்டுக்கும் நடுவில் எதை எழுதுவது என்பதும், ஒரு கதை பிடிக்கவில்லை என்றோ புரியவில்லை என்றோ எழுதலாமா என்பதும் அவருடைய கேள்விகள். மாணவர்களின் இத்தகைய குறிப்பேடுகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருபவன் என்ற முறையில் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் சுருக்கமும் நீதியும் எழுதுவது உங்கள் குற்றமன்று. பள்ளியில் துணைப்பாடத்துக்கு வரும் வினா, 'கருப்பொருளும் சுவையும் குன்றாமல் சுருக்கி வரைக' என்பது. செய்யுளுக்கு வருவது 'நயம் பாராட்டுக'. அதற்குத் திரண்ட கருத்து, மையக் கருத்து, எதுகை, மோனை, அணி என்று உட்தலைப்பிட்டு எழுதப் பழக்கியிருக்கிறார்கள். பாராட்டச் சொல்லிவிட்ட பிறகு குறை காண்பதற்கு அங்கே இடம் ஏது? வரிசை மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் இப்படிப் பழகிய கைக்குத் திடீரென்று 'உன் எண்ணத்தை எழுது' என்றால் அது பழைய தடத்திலேயே ஓடத்தான் செய்யும். 'ஆசிரியர் வட்டார வழக்கைச் சிறப்பாகக் கையாண்டுள்ளார்', 'சமூக அவலத்தைத் தோலுரித்துக் காட்டியுள்ளார்' என்னும் வாக்கியங்கள் எந்தக் கதைக்கும் பொருந்துபவை. எந்தக் கதைக்கும் பொருந்துவதாலேயே கதையைப் படித்ததற்குச் சாட்சி ஆகாதவை.

உங்கள் ஆசிரியர் கேட்பது, பிரதியின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் உங்கள் வாசிப்புக்கு என்ன நேர்ந்தது என்பதன் பதிவு என்றே நான் புரிந்துகொள்கிறேன். கதை முழுவதையும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. எந்த வரியில் நின்றீர்கள், எங்கே திரும்பிப் போய்ப் படித்தீர்கள், எங்கே எரிச்சல் வந்தது, எதை நம்ப முடியவில்லை என்பதிலிருந்து தொடங்குங்கள். பிறகு அந்த இடத்துக்கே திரும்பிச் சென்று, உங்களை அப்படி நிற்க வைத்தது கதையில் உள்ள எது என்று தேடுங்கள். இந்த இரண்டாவது வேலையைச் செய்யாமல் விட்டால் குறிப்பு வெறும் நாட்குறிப்பாகிவிடும்; முதல் வேலையை விட்டால் மீண்டும் துணைப்பாட விடைத்தாளாகிவிடும்.

கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதை பல பாடத்திட்டங்களில் இருப்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக் கதவில் ஏறி நின்று அதைப் பேருந்தாக்கித் திருநெல்வேலிக்கு ஆள் ஏற்றி விளையாடும் பிள்ளைகள், மணிமுத்தாறுக்குப் பிழைக்கப் போய்த் தகவல் இல்லாத தகப்பன், தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து கழற்றிக்கொண்டு போகும் கதவு, கதவில்லாத வீட்டில் வாடைக்காற்று, இறந்துபோகும் கைக்குழந்தை. கடைசியில் சாவடிக்குப் பின்புறம் கிடக்கும் கதவைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள். இதற்கு வரும் குறிப்புகளில் பத்துக்கு ஒன்பது, 'ஏழைகளின் துயரம் கண்ணீரை வரவழைக்கிறது' என்று முடிகின்றன. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த வரியை எழுதக் கதையைத் திறக்கவே தேவையில்லை.

இதே கதைக்கு இப்படி ஒரு குறிப்பு வந்தால் எப்படியிருக்கும் என்று பாருங்கள்: 'கடைசிப் பகுதியில் லட்சுமியும் சீனிவாசனும் கதவைக் கட்டிக்கொண்டு சிரிப்பதைப் படித்தபோது எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. தம்பி செத்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு பழைய கதவுக்காக இப்படி மகிழலாமா என்று தோன்றியது. மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். கதை தொடங்குவதே கதவு ஆட்டத்தில்தான். அம்மாவுக்கு அது காற்றைத் தடுக்கும் பலகை, சர்க்காருக்கு அது பாக்கிக்கு ஈடு, இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் அது கூட விளையாடிய ஆள். அவர்கள் தொலைத்தது இருவரை. ஒருவரைத் திரும்பப் பெற்ற சிரிப்பு அது. இது புரிந்த பிறகும் எனக்கு அந்தச் சிரிப்பு உறுத்துகிறது; கதாசிரியர் அந்த இடத்தில் குழந்தையின் சாவைப் பற்றிப் பேசாமல் விட்டதுதான் உறுத்தலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.'

இது நான் மாதிரிக்காக எழுதியது. இதில் அழகான நடை எதுவும் இல்லை. ஆனால் ஒரு கோபம் இருக்கிறது, அது எந்த இடத்தில் வந்தது என்பது இருக்கிறது, திரும்பிப் படித்ததில் அந்தக் கோபம் என்னவாக மாறியது என்பதும் இருக்கிறது. 'நான்' என்ற சொல் தயங்காமல் வருகிறது என்பதையும் கவனியுங்கள். 'கருதப்படுகிறது', 'அறிய முடிகிறது' என்று ஆளில்லாமல் எழுதப் பழகிய நமக்கு 'நான் நினைக்கிறேன்' என்று எழுதக் கூச்சமாக இருக்கும். இந்தப் பயிற்சியின் பாதிப் பயன் அந்தக் கூச்சம் போவதில் இருக்கிறது.

'மனத்தைத் தொட்டது', 'நெஞ்சை உருக்கியது' என்ற அளவோடு நின்றுவிடாமல் இருக்க, நம் இலக்கணத்திலேயே ஒரு கருவி இருக்கிறது. தமிழ் மாணவர்கள் அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொன்னதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நிலைக்களன்களையும் சொன்னார். அழுகைக்கு அவர் சொன்னவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் வரும் அழுகை வேறு, ஒன்றை இழந்ததால் வருவது வேறு, இருந்த நிலையிலிருந்து தாழ்ந்ததால் வருவது வேறு, இல்லாமையால் வருவது வேறு. 'கதவு' கதையை வறுமை என்ற ஒரே சொல்லில் மாணவர்கள் அடைத்துவிடுகிறார்கள். ஊர் பார்க்க வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போவதில் இளிவு இருக்கிறது, குழந்தையின் சாவில் இழவு இருக்கிறது. உங்களை அழவைத்தது இவற்றில் எது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மாணவர்களின் குறிப்புகள் ஒரே மாதிரி இருக்க வாய்ப்பே இல்லை.

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையில் இந்த வேறுபாடு இன்னும் துல்லியமாகத் தெரியும். கதைசொல்லி தனக்குப் பிரியமான பிள்ளைகளுக்கு டைரி கொண்டுவந்து தருகிறான். சாரங்கன் என்ற பையனுக்கு மட்டும் இல்லை. பிறகு சாரங்கன் அவனை வலிந்து வீட்டுக்கு அழைத்துப்போய் உபசரித்துவிட்டு, தானே வாங்கிவைத்திருந்த டைரியை எடுத்து நீட்டி, தன் பெயருக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். இங்கே வறுமை என்று சொல்ல எதுவும் இல்லை. டைரியை வாங்க அவனால் முடிந்திருக்கிறது. வாங்க முடியாதது அந்த ஒரு வரி. இளிவிலிருந்து பிறக்கும் அழுகை என்றால் என்னவென்று உரையாசிரியர்களைவிடத் தெளிவாக இந்தச் சிறுவன் காட்டிவிடுகிறான். இதைப் படிக்கும் மாணவர்களில் பலர் சாரங்கனாகத் தம்மை நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். கதைசொல்லியாகத் தம்மை வைத்துப் பார்த்து, அன்பு காட்டுகிறோம் என்ற மிதப்பிலேயே தாம் யாரைப் பார்க்காமல் விட்டோம் என்று எழுதுபவர்கள் அபூர்வம். கதை கதைசொல்லியின் வாயால்தான் சொல்லப்படுகிறது என்பதால், அந்தக் கோணத்துக்குக் கதையிலேயே ஆதாரம் இருக்கிறது.

இனி, கட்டுரைகள். கதைக்கு மனம் தானாக அசைந்துவிடும். கட்டுரைக்கு அப்படியில்லை என்பதால் மாணவர்கள் அதைப் பத்தி பத்தியாகச் சுருக்கிவிட்டுக் கடைசியில் 'இக்கருத்து இன்றைக்கும் பொருந்தும்' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். கட்டுரையை ஒரு கதையோடு மோத விட்டுப் பார்ப்பது நல்ல வழி. உங்கள் பட்டியலில் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையும், 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலின் முதல் கட்டுரையான பெரியாரின் 'கற்பு' கட்டுரையும் அடுத்தடுத்த வாரங்களில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆசிரியர் தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறார்.

பெரியாரின் கட்டுரை 1928இல் 'குடி அரசு' இதழில் வந்தது. 'பொன்னகரம்' 1934இல் 'மணிக்கொடி'யில் வந்தது. இரண்டும் கற்பு ஒரு பாலுக்கு மட்டும் விதிக்கப்பட்டதைச் சாடுகின்றன என்று எழுதி முடிப்பது சுலபம். சற்று நிதானித்தால் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பது தெரியும். பெரியார் கற்பு என்ற கருத்தை முற்றாகத் தூக்கி எறிந்துவிடவில்லை. ஒரு பாலுக்கு ஒரு நீதி சொல்லும் நிர்ப்பந்தக் கற்பு ஒழிந்து, இருபாலுக்கும் சமமான சுயேச்சைக் கற்பு வரவேண்டும் என்கிறார். அதாவது, இருவரும் தேர்ந்துகொள்ளும் நிலையில் இருக்கிறார்கள் என்ற எதிர்காலத்தை வைத்துப் பேசுகிறார். புதுமைப்பித்தனின் அம்மாளுவுக்குத் தேர்ந்துகொள்ள என்ன இருக்கிறது? அடிபட்டுக் கிடக்கும் ஜட்கா வண்டிக்காரப் புருஷன் பால்கஞ்சி கேட்கிறான்; மில் கூலி கைக்கு வரவில்லை; இரவில் தண்ணீர் எடுக்கப் போகிற வழியில் முக்கால் ரூபாய் சம்பாதித்துவிடுகிறாள். சமமான கற்பு என்று சொன்னாலும் அந்தச் சந்தில் அது செல்லுபடியாகுமா என்று அந்தக் கதை பெரியாரையும் கேட்பதாக எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு நேர்மாறாகவும் தோன்றலாம்: கதை கேலியோடு நின்றுவிடுகிறது, கட்டுரைதான் ஒரு வழி சொல்கிறது என்று நீங்கள் வாதிடலாம். இரண்டில் எதை எழுதினாலும் அது உங்களுடையதாக இருக்கும்.

'பொன்னகரம்' பற்றி இன்னொன்று. அந்தக் கதை கேள்வியில் தொடங்கி அதட்டலில் முடிகிறது; தொடங்கும் கேள்வியும் முடிக்கும் அதட்டலும் வாசகரை நோக்கியவை. அம்மாளுவும் அவளுக்குப் பணம் தருகிறவனும் இருளில் மறைகிற அந்தக் கணத்தில் அவள் என்ன நினைத்தாள் என்று கதை சொல்வதில்லை. தொகையை மட்டும் சொல்கிறது. ஆகவே அவள் செய்தது சரியா தவறா என்று தீர்ப்பு எழுதும் மாணவர், அந்தக் கதை யாரைக் கூண்டில் ஏற்றியிருக்கிறது என்பதைக் கவனிக்கத் தவறியவர். அவள்மேல் இரக்கப்பட்டு எழுதுவதும் ஏறக்குறைய அதே தவறுதான். இரக்கப்படுகிறவரும் நீதிபதி நாற்காலியிலிருந்து எழுந்துவிடவில்லை. 'என்னைப் பார்த்து ஏன் இந்த ஆள் இப்படிப் பேசுகிறார்?' என்று எரிச்சலோடு தொடங்கும் ஒரு குறிப்பு இந்தக் கதைக்கு உண்மையாக இருக்கும்.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' உங்கள் பட்டியலில் இருப்பதால் அதையும் தொட்டுச் செல்கிறேன். 1966இல் 'ஆனந்த விகட'னில் வந்தபோது பெரும் சர்ச்சையைக் கிளப்பிய கதை. மழை மாலையில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் கல்லூரிப் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, அதை நெருப்பென்று நினைத்துக்கொள்ளச் சொல்லிச் சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தாயின் செயலைப் புரட்சி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது என்றால் அழுக்கு ஒட்டியதாக அவளும் ஒப்புக்கொள்கிறாளா என்று ஒரு மாணவி கேட்டால், அதற்குக் கதையைக் கொண்டே பதில் தேட வேண்டியிருக்கும். ஜெயகாந்தனே பிறகு, தாய் அப்படி நடந்துகொள்ளாமல் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைச் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலாக எழுதினார். அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எழுதியவரே தம் கதையின் முடிவை மாற்றிப் பார்த்திருக்கும்போது மாணவர் அதைக் கேள்வி கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

சொந்த வாழ்க்கையை எவ்வளவு எழுதுவது என்ற கேள்விக்கு வருகிறேன். அளவு என்று ஒன்றை விதிக்க முடியாது. ஆனால் ஒரு சோதனை உண்டு. உங்கள் வாழ்க்கைச் செய்தியை எழுதிய பிறகு, அது கதையின் ஏதோ ஒரு வரியை முன்பு பார்க்காத விதத்தில் பார்க்க வைக்கிறதா என்று பாருங்கள். வைத்தால் அது இருக்கட்டும். இல்லையென்றால் அது வேறொரு நோட்டுக்கு உரியது. வீட்டுப் பிரச்சினை, சாதி, உடல் சார்ந்த அனுபவம் ஆகியவற்றை வெளிப்படுத்தும் கடமை உங்களுக்கு இல்லை. 'இந்த இடம் என்னைப் பாதித்தது, காரணத்தை எழுத விரும்பவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு, அந்த இடம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்குப் போய்விடலாம். நல்ல ஆசிரியர் அதற்குமேல் தோண்ட மாட்டார்.

சாதி பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', 'பொன்னகரம்' ஆகிய இரு கதைகளையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. ஒடுக்கப்பட்ட மக்களை அவை சித்திரிக்கும் விதம் பற்றி எதிர்ப்பு எழுந்திருந்தது. கதைகளை நீக்கியது சரியென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சித்திரிப்பைப் படிக்கும் ஒரு மாணவருக்குக் கோபம் வந்தால், 'புதுமைப்பித்தனையே குறை சொல்கிறாயா' என்று அதட்டி அடக்குகிற வகுப்பறை அதைவிட மோசமானது. எந்த வரி, எந்த அடைமொழி, யாருடைய பார்வை என்று எடுத்துக்காட்டி அந்தக் கோபத்தை எழுதினால் அது முதல்தரமான குறிப்பு. பெரிய பெயர்களுக்கு அஞ்ச வேண்டாம். அவர்களும் யாருக்கும் அஞ்சி எழுதியவர்கள் அல்லர்.

செய்முறை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பென்சிலோடு படியுங்கள், நின்ற இடத்தில் ஒரு கோடு போதும். படித்த அன்றே, இணையத்தில் கிடைக்கும் விமரிசனங்களைப் பார்ப்பதற்கு முன்பே, முதல் பத்தியை எழுதிவிடுங்கள். பார்த்த பிறகு உங்களுக்குத் தோன்றியது எது, அடுத்தவர் சொன்னது எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும். இரண்டாம் பத்தியை ஓரிரு நாள் கழித்துக் கதையை மறுபடி படித்துவிட்டு எழுதுங்கள். இரண்டும் முரண்பட்டால் முதலாவதை அழிக்காதீர்கள்.

புரியவில்லை என்று எழுதலாமா? எழுதலாம், எப்படி எழுதுவது என்பதற்கு நம்மிடம் பெரிய முன்னுதாரணமே உண்டு. 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் தம்மைக் கேள்வி கேட்ட கதையை உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கிறார். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அவர் அடுக்க அடுக்க, முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. ஜைன காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். பிறகு கையெழுத்துப் பிரதி கைக்கு வந்தபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்கே அது பிடிபடவில்லை. ஜைன சமயத்தின் மரபுகள் தெரியாததால் புரியவில்லை என்பதைக் கண்டு, ஜைனர்களிடமே சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். 'புரியவில்லை' என்பதோடு நிற்காமல், எது தெரியாததால் புரியவில்லை என்பது வரை போனதுதான் அங்கே நாம் கற்க வேண்டியது.

உங்கள் பட்டியலின் கடைசிக் கதையான மௌனியின் 'அழியாச்சுடர்' உங்களைத் திணறடிப்பதாகச் சொல்கிறீர்கள். புதுமைப்பித்தனே மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்று சொன்னார் என்பது ஓரளவு ஆறுதலாக இருக்கலாம். அதில் கோயில், யாளி, அந்தப் பெண், கதை சொல்லும் நண்பன், கதை கேட்பவன் ஆகியவற்றில் எதுவரை உங்களுக்குத் தெளிவாக இருக்கிறது, எந்த வாக்கியத்தில் கால் வழுக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாக்கிய அமைப்பே சிக்கலாக இருக்கிறதா, அல்லது வாக்கியம் விளங்கியும் அந்த மனிதன் ஏன் அப்படி நடந்துகொள்கிறான் என்பது விளங்கவில்லையா? இரண்டும் வேறு வேறு. இதைப் பிரித்து எழுதிவிட்டு, அதன் பிறகும் கதை பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள். மதிப்பெண் குறையுமா என்றால், காரணம் கேட்காமல் குறைக்கும் ஆசிரியர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் 'இதில் நீ எங்கே?' என்று ஓரத்தில் எழுதுகிறவர் அப்படிப்பட்டவராக இருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. இந்த வாரக் குறிப்பை மௌனி பிடிக்கவில்லை என்பதிலேயே தொடங்கிப் பாருங்கள்.